சொந்தக் காருக்கே நாம் திருடனா? பேட்டரி மாற்றியதும் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் அமெரிக்கச் சட்டமும்

ஜனவரி பிறந்தால் நியூஜெர்சியில் நம்மவர்கள் வீட்டு வாசலில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஐந்து வாரம் கழித்து நூவர்க் விமான நிலையத்தில் இறங்குவோம். பெட்டி நிறைய பருப்புப்பொடியும் முறுக்கும். மறுநாள் காலை பிள்ளைகளை ஸ்கூலில் விட வேண்டும். வாசலில் பனி. காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி செத்துக் கிடக்கும்.

இந்த வருடம் எடிசனில் எனக்கும் இதுதான் நடந்தது. பேட்டரிதானே, நாமே மாற்றிவிடலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போய் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். பத்து நம்பர் ஸ்பேனர், அரை மணி நேரம், வேலை முடிந்தது. கடைசி வயரை மாட்டிய நொடியில் ஹார்ன் அலற ஆரம்பித்தது. விளக்குகள் எல்லாம் மின்னி மின்னி எரிந்தன. எப்படியோ சத்தம் நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை. டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு சாவிப் படம் மினுக்குகிறது. ரேடியோவோ 'கோடு கொடு' என்று கேட்கிறது. அதாவது, நானே காசு போட்டு வாங்கிய கார் என்னைப் பார்த்து 'நீ யாரு?' என்கிறது.

டீலருக்குப் போன் செய்தேன். பதில் ரொம்ப மரியாதையாகத்தான் வந்தது. வண்டியை டோ செய்து கொண்டு வர வேண்டும். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். சாவியை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டி வந்தால் அதற்குத் தனி. அதுவும் வியாழக்கிழமைதான் இடம் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு.

காப்பாற்றியது பக்கத்து வீட்டு அண்ணன். இருபது வருடமாக இந்தக் குளிரில் பழைய கார்களோடு மல்லுக்கட்டியவர். "தம்பி, அந்த ரிமோட்ட விடுங்க. சாவிய டிரைவர் கதவு ஓட்டையில போட்டு ஒருதரம் பூட்டிட்டுத் திறங்க. அப்புறம் பாருங்க" என்றார். செய்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. செலவு பூஜ்யம்.

வண்டி ஓடியதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வி அன்று முழுக்க மனதை அரித்தது. அந்த அண்ணன் அன்று வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்? இந்த ஒரு வரி விஷயத்தை எனக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

உள்ளே நடப்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'திருட்டுத் தடுப்பு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிப் பூட்டுகள்.

ஒன்று, அலாரம். கதவு, பானெட், டிக்கி திறக்கிறதா என்று பார்த்துக் கூச்சல் போடுவது. பல வண்டிகளில் மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது, இது தன்னைப் 'பூட்டிய நிலையில்' இருப்பதாக நினைத்துக்கொண்டு விழிக்கிறது. பானெட் திறந்திருப்பதைப் பார்க்கிறது. திருடன் என்று முடிவு கட்டுகிறது. சில வண்டிகளில் ஸ்டார்ட்டரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. கதவில் அசல் சாவியைப் போட்டுத் திறந்தால் உரிமையாளர் வந்துவிட்டார் என்று அதற்குப் புரிகிறது. என் விஷயத்தில் நடந்தது இதுதான்.

இரண்டு, இம்மொபிலைசர். இதுதான் உண்மையான காவல்காரன். சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குத் தனி பேட்டரி வேண்டாம். சாவித்துளையைச் சுற்றி இருக்கும் கம்பிச்சுருள்தான் அதற்குச் சக்தி கொடுத்து, 'உன் ரகசிய எண் என்ன?' என்று கேட்கிறது. பதில் சரியாக வந்தால்தான் எஞ்சின் ஓடும். இந்த எண்கள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருப்பவை. எனவே பேட்டரி செத்ததால் மட்டும் சாவி 'மறந்துபோவது' அபூர்வம். உடனே புது சாவி, புது கம்ப்யூட்டர் என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் நிதானித்துக் கேள்வி கேளுங்கள்.

மூன்று, ரேடியோ கோடு. காரை உடைத்து ஸ்டீரியோவை மட்டும் கழற்றிக்கொண்டு போகும் திருட்டு கொடிகட்டிப் பறந்த காலத்தில் வந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ரகசிய எண் கொடுக்கும் வரை ரேடியோ பேசாது. இன்று டேஷ்போர்டைப் பெயர்த்துப் பழைய ரேடியோவைத் திருடிப் போக யாரும் மெனக்கெடுவதில்லை. திருடன் போய்விட்டான். பூட்டு மட்டும் இருக்கிறது. கோடு எழுதிய அட்டையோ முதல் உரிமையாளரோடு போய்விட்டது. பழைய கார் வாங்கியவர் தலையில்தான் விடிகிறது.

காவல்காரன் வந்த கதை

1986 மாடல் கார்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. ஐரோப்பாவில் 1998-ல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. ஆஸ்திரேலியாவில் 2001-ல். கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்து. அமெரிக்காவில்? இன்று வரை கூட்டாட்சிச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. கம்பெனிகள் விருப்பப்பட்டால் போடலாம்.

பெரும்பாலான கம்பெனிகள் போட்டன. இரண்டு கம்பெனிகள் பல மாடல்களில் போடவில்லை. ஹூண்டாய், கியா. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் ஆய்வு அமைப்பு சொன்ன கணக்கு இது: 2015 மாடல்களில் மற்ற கம்பெனி வாகனங்களில் 96 சதவீதத்துக்கு இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்துக்கு மட்டும்தான். அதே கம்பெனிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் சட்டம் சொன்னதால் போட்டுக் கொடுத்தன. இந்தப் பக்கம் சட்டம் சொல்லாததால் மிச்சம் பிடித்தன.

விளைவு எல்லோரும் பார்த்ததுதான். மில்வாக்கியில் பள்ளிப் பையன்கள் ஆரம்பித்த திருட்டு, டிக்டாக் வழியாக நாடு முழுக்கப் பரவியது. 2023 ஜனவரியில் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரஸிவ் போன்ற காப்பீட்டு நிறுவனங்கள் சில நகரங்களில் இந்த மாடல்களுக்குப் புது பாலிசி தர மறுத்தன. 2023 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் வருகிறது என்று அறிவித்தது. அதே அறிவிப்பில், இந்தத் திருட்டுகளால் குறைந்தது 14 விபத்துகள், 8 மரணங்கள் என்றும் சொன்னது.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இம்மொபிலைசர் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 8 உயிர்களே சாட்சி. பூட்டு வேண்டும். பூட்டியவன் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்தினால் கதவைத் திறந்துவிடுவது யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

ரகசியம் பாதுகாப்பா?

கார் கம்பெனிகளின் வாதம் எளிமையானது. பூட்டைத் திறக்கும் வழியை எல்லோருக்கும் சொன்னால் திருடனுக்கும் சொன்னதாகிவிடும். முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. சாவி புரோகிராம் செய்யும் கருவிகள் திருடர்கள் கையிலும் இருக்கின்றன.

ஆனால் ரகசியத்தை மட்டும் நம்பிய பூட்டுகளின் கதி என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். டெக்சஸைச் சேர்ந்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த சாவி சிப்புகள் லட்சக்கணக்கான கார்களில் இருந்தன. அதன் கணக்குமுறையை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்த குழு அதை உடைத்துக் காட்டியது. 40 பிட் நீளமே உள்ள சாவி எண் அந்தக் காலத்துக்கே போதாது என்பது தெரிந்தது. இன்றைய திருடர்கள் வீட்டுக்குள் இருக்கும் ரிமோட்டின் அலையை வாசல் வரை நீட்டுகிறார்கள். அல்லது முகப்பு விளக்கின் வயர் வழியாகக் காரின் உள்வலைக்குள் நுழைகிறார்கள். நியூஜெர்சியில் இன்னும் எளிது. வண்டிக்குள்ளேயே ரிமோட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதாவது, தொழில்முறைத் திருடனுக்கு வழி இருக்கிறது. வழி இல்லாமல் பனியில் நிற்பவன் ரசீதும் பதிவுச் சான்றும் கையில் வைத்திருக்கும் உரிமையாளன். இதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே சிலர் இதை வியாபாரமாகவும் நடத்துகிறார்கள் என்றால் தப்பா?

சட்டம் எங்கே நிற்கிறது?

1998-ல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. சினிமா, பாட்டு திருட்டைத் தடுக்க வந்த சட்டம் கார் எஞ்சினுக்குள்ளும் புகுந்துகொண்டது. சொந்த வண்டியின் மென்பொருளைப் பழுதுபார்ப்பதற்காகத் திறக்கலாம் என்று 2015-ல்தான் விலக்கு கிடைத்தது. உரிமையாளர் சார்பில் மெக்கானிக் செய்யலாம் என்பது 2018-ல். அதுவும் நிரந்தரம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உண்மையான மாற்றம் மாசசூசெட்ஸில் தொடங்கியது. 2012 நவம்பரில் அந்த மாநில மக்கள் பழுதுபார்க்கும் உரிமைக்குப் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். டீலருக்குக் கிடைக்கும் தகவலும் கருவியும் நியாயமான விலையில் தனி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2014 ஜனவரியில் கம்பெனிகள் நாடு முழுக்க அதே விதியை ஏற்பதாக ஒப்பந்தம் போட்டன. இன்று நம் தெருமுனை மெக்கானிக் பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடிகிறது என்றால் அதற்கு இந்த ஓட்டும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இம்மொபிலைசரை மீட்டமைக்கும் தகவலைக் கம்பெனிகள் பொதுவாகத் தராமல் தள்ளி வைக்கலாம். தேவைப்படுவோர் தேசிய வாகனச் சேவைப் பணிக்குழு நடத்தும் பாதுகாப்பான வழியில் பெற வேண்டும். அதில் பின்னணிச் சோதனை முடித்துப் பதிவு செய்த லாக்ஸ்மித்களும் மெக்கானிக்குகளும் மட்டும் நுழையலாம். வாடிக்கையாளரின் அடையாளத்தையும் உரிமையையும் சரிபார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

என் கருத்தில் இது நியாயமான ஏற்பாடு. 'எல்லோருக்கும் திற' என்றும் இல்லை, 'டீலர் மட்டும்' என்றும் இல்லை. யார் திறந்தார்கள் என்ற தடம் இருக்கிறது. குறை என்னவென்றால், இப்படி ஒரு வழி இருப்பதே கார் வைத்திருப்பவருக்குத் தெரியாது. டீலர் போனில் சொல்வதில்லை.

அடுத்த சண்டை கம்பியில்லாத் தகவலைப் பற்றியது. 2020-ல் மாசசூசெட்ஸ் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், சுமார் 75 சதவீதம் ஆதரவு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2025 பிப்ரவரியில்தான் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மக்கள் ஓட்டுக்கும் தீர்ப்புக்கும் நடுவே நான்கு வருடத்துக்கு மேல். 2023-ல் மெய்ன் மாநிலமும் இதே மாதிரிச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது. நாடு முழுமைக்குமான மசோதா 2022-ல் காங்கிரஸில் வந்தது, 2023-ல் மறுபடி வந்தது, 2025-ல் மறுபடி வந்தது. இரு கட்சிக்காரர்களும் ஆதரிக்கும் மசோதாக்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு. இது அப்படி ஒன்று. ஆதரிப்பவர்களில் ஒருவரான வாஷிங்டன் மாநில உறுப்பினர் மேரி குளூசென்காம்ப் பெரெஸ், கணவரோடு சேர்ந்து மெக்கானிக் ஷாப் நடத்தியவர். அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம்ம மாநிலத்தில் என்ன?

மூன்று இடத்தில் நம்மவர்கள் அதிகம். மூன்றிலும் கதை கொஞ்சம் வேறு.

கலிஃபோர்னியாவில், 2008-லிருந்து, மாநிலத்தில் விற்கும் கார்களுக்குப் பதிவு பெற்ற உரிமையாளர் லாக்ஸ்மித் மூலம் மாற்றுச்சாவிக்கான தகவலை 24 மணி நேரமும் பெற வழி செய்ய வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஆனாலும் ஃப்ரீமான்டிலோ சான் ஹோசேயிலோ இருப்பவர், 'சாவி விஷயம் டீலரிடம்தான் முடியும்' என்று கேட்டவுடன் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூஜெர்சி, டெக்சஸ், கலிஃபோர்னியா மூன்றிலும் லாக்ஸ்மித் தொழிலுக்கு மாநில உரிமம் வேண்டும். கூகுளில் முதலில் வரும் நம்பரைக் கூப்பிட்டு, போனில் சொன்னது ஒரு ரேட், வந்து கேட்டது ஒரு ரேட் என்று மாட்டிக்கொள்வதைவிட, உரிம எண்ணைக் கேட்டு மாநில இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. இம்மொபிலைசர் வேலை என்றால் தேசியப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொரு பொறி, யாரும் சொல்லாதது. பேட்டரியைக் கழற்றினால் காரின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் புகைச் சோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். மறுநாளே ஸ்மாக் டெஸ்டுக்குப் போனால், வண்டியில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் 'தயார் இல்லை' என்று திருப்பி அனுப்பலாம். கலிஃபோர்னியாவில் 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்கு எரிபொருள் ஆவி சம்பந்தமான ஒரு பதிவு மட்டும்தான் முடியாமல் இருக்கலாம். டெக்சஸில் 2025 ஜனவரி 1 முதல் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் சுற்றியுள்ள மாவட்டங்களில் புகைச் சோதனை தொடர்கிறது. எனவே சோதனைத் தேதிக்குச் சில நாள் முன்பே பேட்டரியை மாற்றி, டவுனிலும் ஹைவேயிலும் கலந்து ஓட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

பேட்டரி சாவதற்கும் ஊருக்கு ஊர் காரணம் உண்டு. டெக்சஸ் வெயில் பேட்டரியை உள்ளுக்குள் அரிக்கிறது. நியூஜெர்சி குளிர் அதை அம்பலப்படுத்துகிறது. உறைநிலையில் பேட்டரியின் பலம் சுமார் 35 சதவீதம் குறையும் என்கிறது வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ. பே ஏரியாவில் வீட்டிலிருந்தே வேலை, வண்டி நகர்வதே இல்லை. மூன்றிலும் பொதுவான காரணம் நம் ஊர்ப்பயணம். வண்டி சும்மா நிற்கும்போதும் அலாரம் விழித்துக்கொண்டேதான் இருக்கிறது. காரைக் காவல் காக்கும் அதே அலாரம்தான் சொட்டுச் சொட்டாக பேட்டரியைக் குடிக்கிறது. கடைசியில் நாம் திரும்பி வந்ததும் நம்மையே திருடன் என்கிறது.

கேட்க வேண்டியது

இந்தியாவிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்குக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் வந்தது. வாகனங்களும் அதில் அடக்கம். ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. புதுப்பேட்டையில் எந்த வண்டியையும் பிரித்துக் கோர்த்துவிடும் கைகள், நாளை ஒரு மென்பொருள் பூட்டின் முன் நிற்கப் போகின்றன. அந்தத் தொழிலே அங்கே பணயம்.

இங்கே நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒன்று, பேட்டரி மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. அதற்குப் பிறகு வண்டியை எழுப்பும் முறையைக் கம்பெனி தெளிவாக, இலவசமாக, கையேட்டில் முதல் பக்கங்களில் எழுத வேண்டும். இரண்டு, ரேடியோ கோடு மாதிரி காலாவதியான பூட்டுகளுக்கு உரிமையை நிரூபித்தால் அன்றே எண் கிடைக்க வேண்டும். சில கம்பெனிகள் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. எல்லோராலும் முடியும். மூன்று, இம்மொபிலைசர் பிரச்சினை என்று வருபவரிடம், பதிவு பெற்ற லாக்ஸ்மித் வழியும் உண்டு என்று டீலர் சொல்ல வேண்டும். நான்கு, இந்த நாட்டிலும் புதுக் காருக்கு இம்மொபிலைசர் கட்டாயமாக வேண்டும். நல்ல பூட்டைக் கேட்பவருக்குத்தான் நல்ல சாவியையும் கேட்கும் உரிமை இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள். பேட்டரியைத் தொடுவதற்கு முன் ரேடியோ கோடு கையில் இருக்கிறதா பாருங்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போது நினைவகத்துக்கு மின்சாரம் தரும் சின்னக் கருவி கிடைக்கிறது, அதை மாட்டலாம். மாட்டியபின் வண்டி முரண்டு பிடித்தால் டிரைவர் கதவில் அசல் சாவியால் பூட்டித் திறங்கள். ரிமோட் மட்டும்தான் என்றால் அதற்குள்ளேயே ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டி ரிமோட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் ரிமோட்டைப் பட்டன் மேலேயே வைத்து அழுத்திப் பாருங்கள். பல வண்டிகளில் வேலை செய்யும். இன்னொரு சாவி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். சில பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சாவியை ஆன் நிலையில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை வைத்தால் காவல்காரன் மறுபடி அடையாளம் தெரிந்துகொள்வான். அரை மணி நேரம் பொறுமை, அவ்வளவுதான். இவை எதுவும் பலிக்காவிட்டால் பிறகு டோ வண்டி.

என் ரேடியோ? கோடு அட்டை இல்லாததால், ரேடியோவைக் கழற்றிப் பின்னால் இருந்த எண்ணைப் படித்து, வண்டி எண்ணோடு கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கோடு வந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்த வண்டியை வாங்கப் போகிறவருக்காவது தெரியட்டும்.